திரைக்குப் பின்னால் குமாரி செல்வராணி

போன வாரம் காரைக்குடியில் ஒரு கல்யாண ரிசப்ஷன். மேடையில் ஒரு பெண். இருபத்தைந்து வயது இருக்கலாம். ஜீன்ஸ், காதில் பெரிய வளையம். மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு பழைய டூயட்டைப் பாடினாள். அடித்தொண்டையில்... கரகரவென்று. இளசுகள் எல்லாம் எழுந்து நின்று விசில் அடித்தார்கள்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாளுக்கும் என் வயதுதான் இருக்கும். ஐஸ்கிரீம் கப்பை மடியில் வைத்துக்கொண்டு என் காதருகே குனிந்தார்.

"என்னங்க இது... பொம்பளைப் பிள்ளை ஆம்பளை மாதிரிப் பாடுது!"

எனக்குப் புரை ஏறிவிட்டது.

பாவம், அவருக்குத் தெரியாது. இதே வாக்கியத்தை முகத்துக்கு நேராகக் கேட்டு வளர்ந்தவள் நான். வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களுக்கும் என் எழுத்துத்தான் பழக்கம்; என் குரல் தெரியாது. போனில் பேசியிருந்தால் தெரிந்திருக்கும்.

எழுபதுகளின் தொடக்கம். காரைக்குடி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எனக்கு ஆபரேட்டர் வேலை. சொந்த ஊர் கண்டரமாணிக்கம். அப்பாவுக்கு விவசாயம். தினமும் பஸ்ஸில் போய் வருவேன். அப்போதெல்லாம் வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் எங்களிடம் டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். "சொல்லுங்க, எந்த ஊர் வேணும்?" என்று நான் கேட்பேன். அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரும்: "மெட்ராஸ் வேணும் சார். கொஞ்சம் சீக்கிரம் போட்டுக் குடுங்க சார்."

சார்!

முதலில் திருத்திக்கொண்டிருந்தேன். பிறகு விட்டுவிட்டேன். "சார்" என்று கூப்பிட்டவர்கள் மரியாதையாகவும் பேசினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் வீட்டில் அது வேடிக்கையாக இல்லை. ஒருமுறை என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அன்றைய வழக்கப்படி பாடச் சொன்னார்கள். பாட்டு என்றால் எனக்கு உயிர். ரேடியோவில் ஒருமுறை கேட்டால் மெட்டும் வார்த்தையும் மனசில் ஒட்டிக்கொள்ளும். ஆசையாகப் பாடினேன். மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பார்க்கவில்லை, என் அப்பாவைப் பார்த்தார்.

"பிள்ளைக்குத் தொண்டை கட்டியிருக்குங்களா?"

"இல்லையே... எப்பவுமே இப்படித்தான்" என்றார் அப்பா, வெள்ளந்தியாக.

அந்த அம்மாள் கையிலிருந்த கேசரித் தட்டு மேஜைக்குப் போய்விட்டது. அவ்வளவுதான். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்தவர்கள், எழுந்தவர்கள்தான்.

இத்தனைக்கும் எங்கள் அம்மா சின்னப் பெண்ணாக இருந்த காலத்துப் படங்களில் பெண்கள் எப்படிப் பாடினார்கள்? கணீரென்று, கனத்த குரலில், கொட்டகையின் கடைசி வரிசை வரைக்கும் கேட்கிற மாதிரி. யாரும் முகம் சுளிக்கவில்லை. அறுபதுகளில்தான் கதாநாயகியின் குரல் மெலிந்துகொண்டே போனது. மெலிந்து, உயர்ந்து, நூல் மாதிரி ஆனது. கனத்த குரல் எங்கே போனது? க்ளப் டான்ஸுக்குப் போனது! பாட்டு எழுதுகிறவர்களும் குரலைப் பார்த்துத்தான் வார்த்தை போட்டார்கள். மெல்லிய குரலுக்கு நிலா, நாணம், அத்தான். கனத்த குரலுக்குக் கிண்ணம், மயக்கம், 'வா அருகே'. கனத்த குரலில் ஒரு நல்ல குடும்பத்துப் பெண் புருஷனைத் தேடுவதாகப் படத்தில் யாருமே காட்டவில்லை. பிறகு பெண் பார்க்க வந்த அம்மாளை மட்டும் குறை சொல்லி என்ன?

இப்படி இருக்கும்போது ஒருநாள், மதுரைக்கு டிரங்க் கால் கேட்ட ஒருவர் பேச்சை நிறுத்தவில்லை. "சார், உங்க குரல் ரேடியோவுல பேசுறவுக மாதிரி இருக்கு சார். நான் மெல்லிசைக் குழு வச்சிருக்கேன். அறிவிப்பாளர் ஒருத்தர் வேணும். வந்து பாக்கவா சார்?"

குறும்பு. "வாங்க" என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் எக்ஸ்சேஞ்ச் வாசலுக்கு வந்தவர் தேவசகாயம் மாஸ்டர். அக்கார்டியன் வாசிப்பவர். சுற்றுவட்டாரத்தில் எந்தக் கல்யாணம், எந்தத் திருவிழா என்றாலும் அவர் குழுதான். தாவணியில் போய் நின்ற என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாரைக் கொஞ்சம் கூப்பிடுதியாம்மா?"

"நான்தான்" என்றேன்.

மனிதர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நிஜமாகவே!

அறிவிப்பு வேலையை விடுங்கள், எனக்குப் பாடத்தான் ஆசை என்று அவரிடம் சொன்னேன். எக்ஸ்சேஞ்சின் பின்புற வேப்பமரத்தடியில் இரண்டு வரி பாடியும் காட்டினேன். மாஸ்டர் கண்ணை மூடிக் கேட்டார். பொய் சொல்லவில்லை.

"தங்கச்சி, சுருதி கம்பி மாதிரி நிக்குது. ஆனா இந்தக் குரலுக்கு க்ளப் பாட்டுத்தான் இருக்கு. அதைக் கல்யாண வீட்டுல பாடினா, பந்தலைப் பிரிச்சுக் கையில குடுத்துருவாக."

பிறகு, ஆறுதலுக்கோ என்னவோ, "பாட்டு எழுதுவியா?" என்று கேட்டார்.

அவர் குழுவில் ஒரு பழக்கம் உண்டு. கல்யாணத்துக்குக் கல்யாணம் மணமக்களுக்காகப் புதிதாக ஒரு வாழ்த்துப் பாட்டு. மெட்டு அவருடையது. வார்த்தைக்குத்தான் ஆள் இல்லை. கொத்தமங்கலத்தில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம் வருகிறது, அதற்கு எழுதிக்கொடு என்றார். 'தன்னானன்னே' என்று மெட்டைப் பாடியும் காட்டினார். நான் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழை எல்லாம் திரட்டி, மாப்பிள்ளை பெண்ணின் கையைப் பிடிப்பதை "கயல்விழி மடவரல் கரமலர் பற்றி" என்று தொடங்கினேன். மாஸ்டர் மெதுவாகக் கேட்டார்:

"மடவரல்னா யாரு தங்கச்சி? பொண்ணோட சித்தியா?"

பழைய காலத்தில் புலவர் பாட்டை எழுதி வைப்பார், அதற்கு மெட்டுப் போடுவார்கள். இப்போது மெட்டு முன்னால் வந்துவிடுகிறது. வார்த்தை அதன் அளவுக்குச் சட்டை தைத்துக்கொள்ள வேண்டும். அதுவும் பந்தியில் உட்கார்ந்திருப்பவருக்குப் புரிகிற சட்டையாக! இரண்டாவது முறை வேறு மாதிரி எழுதினேன். பெண் பாடுவதாக:

"கண்டாங்கி மடிப்புக்குள்ள காத்து வந்து பேசுது,
வந்தவரு யாருன்னுதான் வளையல் என்னைக் கேக்குது."

அதற்கு மாப்பிள்ளை பதில்:

"காத்து இல்ல, நானுதான் கதவை மெல்லத் தட்டினேன்,
காரைக்குடி ரயிலிறங்கி வாசப்படி எட்டினேன்."

மாஸ்டர் அக்கார்டியனைக் கீழே வைத்துவிட்டு என் தலையைத் தொட்டார். பெண் குரலில் இதைப் பாடப்போவது குமாரி செல்வராணி என்றார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஏன் தெரியுமா?

செல்வராணி அப்போது எங்கள் பக்கத்தில் பெரிய பெயர். மாஸ்டர் குழுவின் நோட்டீஸில் கொட்டை எழுத்தில் அச்சாகும். மேடைக்கு வரமாட்டார். பின்னால் ஒரு நீலத் திரை கட்டியிருப்பார்கள். அதற்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் மட்டும் வரும். என்ன குரல்! தேன் வழிகிற மாதிரி இருக்கும். கட்டுப்பாடான குடும்பத்துப் பெண், நாலு பேர் பார்க்க மேடை ஏறக்கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள் என்று எல்லோரும் பேசிக்கொள்வார்கள். எத்தனையோ அம்மாக்கள் தங்கள் பெண்களிடம் சொல்லுவார்கள் — "பொம்பளைப் பிள்ளைன்னா அந்தச் செல்வராணி மாதிரி இருக்கணும்டி." எங்கள் அம்மாவும்தான், அதுவும் என்னைப் பார்த்துக்கொண்டே!

கல்யாணத்தன்று மதியம் கொத்தமங்கலம் போய்ச் சேர்ந்தேன். என் பாட்டைக் கேட்கப் போகிறேன் என்று அப்பாவிடம் சொல்லியிருந்தேன், தலையாட்டியிருந்தார். தெருவின் ஒரு முனையில் முன்வாசல், அடுத்த தெருவில் பின்வாசல் என்று நீண்டுகிடக்கும் வீடு அது. முற்றத்துப் பந்தலில் மேடை. மாலை நாலு மணிக்குக் கச்சேரி. மேடைக்குப் பின்புறம் போய், "செல்வராணி அக்கா வந்துட்டாங்களா?" என்று மாஸ்டரிடம் கேட்டேன்.

மாஸ்டர் திரையை விலக்கினார். உள்ளே ஒருவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். முப்பது வயது. உருண்டு திரண்ட தோள். மேல் உதட்டை முழுக்க மூடிய மீசை.

"இவருதான்" என்றார் மாஸ்டர்.

நான் அவருக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தேன். யாரும் இல்லை.

"வணக்கம் தங்கச்சி. நான் சுப்பையா. நகை வேலை" என்றார் அவர் சாதாரண ஆண் குரலில். பிறகு, என் திகைப்பைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "கண்டாங்கி மடிப்புக்குள்ள..." என்று பாடினார்.

மீசைக்கு அடியிலிருந்து செல்வராணி வந்தாள்!

என் காலுக்குக் கீழே தரை ஆடியது என்று எழுதினால் மிகை என்று நினைப்பீர்கள். மேடையில் இருந்த இரும்பு நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன் என்பது உண்மை.

காரணத்தை மாஸ்டர் சொன்னார். மேடை ஏறிப் பாட இந்தப் பக்கத்தில் எந்த வீட்டிலும் பெண்ணை அனுப்ப மாட்டார்கள். அதனால் பெண் பாட்டையும் சுப்பையா பாடினார். ஒரு கல்யாணத்தில், மீசைக்காரன் பெண் குரலில் பாடுவது நல்ல காரியத்துக்கு ஆகாது என்று யாரோ சண்டைக்கு வந்துவிட்டார்கள். மறு கச்சேரியில் மாஸ்டர் திரை கட்டினார். பெயர் கேட்டவர்களுக்குச் சட்டென்று வாயில் வந்த பெயரைச் சொன்னார். செல்வராணி பிறந்தாள்.

"இன்னைக்குச் சிக்கல் என்னன்னா..." என்று மாஸ்டர் இழுத்தார். பெண்ணின் அம்மா உண்ணாமலை ஆச்சிக்குச் செல்வராணி பாட்டு என்றால் பைத்தியம். மூத்த மகள் கல்யாணத்திலும் அவள் பாட்டுத்தான். இந்தத் தடவை ஆச்சி ஒரே பிடிவாதம் — பிள்ளை முகத்தைப் பார்க்கணும், என் கையால் அதுக்குப் பட்டுச்சேலை கொடுக்கணும், திரை கூடாது.

"அதனால தங்கச்சி... நீ முன்னாடி நின்னு வாயை மட்டும் அசைக்கணும். சுப்பையா பின்னாடி நின்னு பாடுவாரு."

வாயை அசைக்கணுமா? பாட ஆசைப்பட்டு வந்தவளையா?

கோபம் வந்தது. அழுகையும் வந்தது. திரும்பிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். சுப்பையா அண்ணன்தான் சொன்னார்: "பிடிக்கலைன்னா வேணாம் தங்கச்சி. எங்க பொழப்புக்காக நீங்க ஏன் மாட்டிக்கிறீக? மாஸ்டர், ஆச்சிகிட்ட உள்ளதைச் சொல்லிருவோம்." அவர் அப்படிச் சொன்ன பிறகு எனக்குப் போக மனம் வரவில்லை. அதோடு... உங்களிடம் மறைப்பானேன்? மைக்குக்கு முன்னால் ஒருமுறையாவது நிற்க வேண்டும் என்ற ஆசையும் இருந்தது.

நின்றேன். மூன்று பாட்டு. எனக்கு எல்லாப் பாட்டும் மனப்பாடம் என்பதால் உதடு பிசகவில்லை. முன்வரிசையில் ஆச்சி. வைரத்தோடும் வெள்ளைச் சிரிப்புமாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சோகப் பாட்டு வந்தது. ஆச்சி முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அவரைச் சுற்றியிருந்த பெண்கள் அத்தனை பேரும் துடைத்தார்கள். என் முதுகுக்குப் பின்னால், திரைக்கு அந்தப் பக்கம், ஒரு மீசைக்காரர் அத்தனை பேரையும் அழவைத்துக்கொண்டிருந்தார்!

மூன்றாவது பாட்டு முடிந்ததும் ஆச்சி எழுந்தார். தாம்பாளத்தில் பட்டுச்சேலை, பூ, குங்குமம். "இங்குட்டு இறங்கி வா தாயீ" என்றார். இறங்கினேன். என் கன்னத்தைத் தொட்டார்.

"எந்த ஊரு ஆத்தா நீ?"

நான் சிரித்தேன்.

"உன் முழுப் பேரு என்ன?"

தலையைக் குனிந்துகொண்டேன். ஆச்சியின் முகம் மாறியது.

"அடியாத்தீ... இவ்வளவு நல்லாப் பாடுற பிள்ளை ஊமையா?"

பின்னால் யாரோ "அட முருகா!" என்றார்கள். ஒரு பெண்மணி என்னைப் பார்த்து உச்சுக் கொட்டினார். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் எழுந்து நின்றே பார்த்தார். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

"ஊமை இல்ல ஆச்சி" என்றேன்.

என் குரலில்.

ஆச்சி கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். தாம்பாளத்திலிருந்து குங்குமம் சிந்தியது. "இது அந்தப் பிள்ளை இல்ல" என்றார் மெதுவாக. பிறகு உரக்க: "மாஸ்டர்! அந்தப் பிள்ளை எங்க?"

மாஸ்டர் அக்கார்டியனின் தோல்வாரை அவிழ்ப்பதும் மாட்டுவதுமாக நின்றார். அப்போது திரை அசைந்தது. சுப்பையா அண்ணன் தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு படியிறங்கி வந்தார். ஆச்சிக்கு முன்னால் கைகூப்பி நின்றார்.

"நான்தான் ஆச்சி."

"எது நீதான்?"

அவர் வாயால் விளக்கம் சொல்லவில்லை. சற்று முன் ஆச்சி அழுத அந்தச் சோகப் பாட்டின் இரண்டு வரியைப் பாடினார். வாத்தியம் இல்லை. மைக் இல்லை.

பரிமாறிக்கொண்டிருந்த ஒரு ஆள் கரண்டியோடு நின்றுவிட்டார். ஆச்சி ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"என் மூத்தவ கல்யாணத்துல... உள்கட்டுல பொம்பளைக மட்டும் உக்காந்து கேட்டோமே. அதுவும் நீதானா?"

"ஆமா ஆச்சி. திரைக்கு அங்குட்டுத்தான் இருந்தேன். ஒரு தடவைகூட இங்குட்டு எட்டிப் பார்த்ததில்ல. எங்க சாமி சத்தியம்."

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவருக்கு முகம் சிவந்துவிட்டது. "கல்யாண வீட்டுல இது என்ன கூத்து? ஆம்பளை பொம்பளையாப் பாடுறான், பொம்பளைக்குப் பதிலா வேற பொம்பளை நிக்குறா! கச்சேரியை நிறுத்தச் சொல்லுங்க. இல்ல, நாங்க கிளம்புறோம்."

பெண்ணைப் பெற்றவர் வீட்டில் இந்த வார்த்தைக்கு என்ன எடை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேடையோரத்தில் மணப்பெண் அழத் தயாராக இருந்தாள். எங்களை அடித்துத் துரத்துவார்கள் என்றே நினைத்தேன். ஆச்சி பெரியவர் பக்கம் திரும்பவேயில்லை. சுப்பையா அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணை மூடினார். "பாடு" என்றார். அவர் பாடினார். ஆச்சி கண்ணைத் திறந்தார், மறுபடி மூடினார்.

"கண்ணைத் தொறந்தா நீ நிக்கிறே. மூடினா அந்தப் பிள்ளை நிக்கிது" என்றார். "நான் என்னத்தைச் செய்ய?"

ஆச்சியே ஒரு முடிவுக்கு வந்தார். பெரியவரிடம் திரும்பினார். "கூத்துன்னீகளே, சரிதான். எங்க வீட்டுக் கூத்து. என் மகளுக்குன்னு ஒரு பாட்டு எழுதியிருக்காகளாம். அதை மட்டும் இருந்து கேட்டுட்டுப் போங்க." அப்புறம் என்னைப் பார்த்தார். "நீ யாரு?"

"பாட்டு எழுதினது நான்தான் ஆச்சி."

"உனக்குப் பாட வருமா, வராதா?"

"வரும். ஆனா குரல்..."

"குரலைத்தான் கேட்டேனே. மாப்பிள்ளை பாட்டை நீ பாடு. பொண்ணு பாட்டை இவரு பாடட்டும். இனிமே ஒளிக்கிறதுக்கு என்ன இருக்கு?"

பாடினோம். திரைக்கு முன்னால். மீசைக்காரர் வளையலைப் பற்றிப் பாட, தாவணிக்காரி கதவைத் தட்டினாள். "காரைக்குடி ரயிலிறங்கி" என்ற இடம் வந்தபோது மாப்பிள்ளை சிரித்துவிட்டார். அன்று காலை அந்த ரயிலில்தான் அவர் வந்திருந்தார். மணப்பெண்ணும் சிரித்தாள். பெரியவரும் அவர் பங்காளிகள் சிலரும் பாதியில் எழுந்து போனார்கள். மற்றவர்கள் உட்கார்ந்தே இருந்தார்கள். பட்டுச்சேலையை ஆச்சி சுப்பையா அண்ணன் கையில் கொடுத்து, "வீட்டுல குடு" என்றார்.

நான் ஊருக்குப் போவதற்குள் செய்தி போயிருந்தது. அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. உள்ளிருந்தே கத்தினார்: "ஊரே பாக்க மேடையில ஏறி ஆம்பளைப் பாட்டைப் பாடியிருக்கா! இனி இவளை யாரு கட்டுவா?"

அப்பா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "முன்னாடி மட்டும் யாரு வரிசையில வந்து நின்னாக?" என்றார்.

அதோடு அந்தப் பேச்சு நின்றது. ஆனால் என்னை நிஜமாகவே உலுக்கிய அதிர்ச்சி இனிமேல்தான்.

ரகசியம் உடைந்த பிறகு மாஸ்டர் திரையைச் சுருட்டிவிட்டார். அடுத்த மாதம் காரைக்குடியிலேயே ஒரு நிச்சயதார்த்தக் கச்சேரி. நானும் கேட்கப் போயிருந்தேன். சுப்பையா அண்ணன் வெள்ளைச் சட்டையில் மைக்குக்கு முன்னால் வந்து நின்றார். அதே சோகப் பாட்டு. கொத்தமங்கலத்தில் ஒரு பந்தலையே அழவைத்த பாட்டு. முதல் வரியைத் தொடங்கினார்...

கூட்டம் சிரித்தது.

ஒருவர் இருவர் அல்ல. மொத்தக் கூட்டமும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "மீசையைப் பாரு, மீசையைப் பாரு!" என்றார்கள். இரண்டாவது சரணத்தில் ஒருவர் "செல்வராணி, வெக்கப்படாதே!" என்று கத்தினார். கேலிக்குத் தாளம் போட்டார்கள்.

நான் அவர் குரலையே கேட்டுக்கொண்டிருந்தேன். எங்காவது பிசகியிருக்கிறதா? சுருதி இறங்கியிருக்கிறதா? இல்லை. அன்றைக்கு இருந்ததைவிடத் துல்லியமாக இருந்தது. அதே தொண்டை, அதே மெட்டு, அதே வார்த்தை. நடுவில் இருந்த ஒரு முழ நீலத் துணியைத்தான் எடுத்திருந்தோம். அப்படியென்றால் இத்தனை வருஷம் இவர்கள் அழுதது எதைக் கேட்டு? அந்தப் பாட்டைக் கேட்டா, இல்லை, திரைக்குப் பின்னால் அவர்களே கற்பனை செய்துகொண்ட ஒரு அடக்கமான பெண்ணை நினைத்தா? ரசனை, ரசனை என்கிறோமே... அது காதில்தான் இருக்கிறதா?

சுப்பையா அண்ணன் பாட்டை முழுக்கப் பாடி முடித்தார். கும்பிட்டார். கீழே வந்து சோடா குடித்தார். நான் போய் நின்றேன்.

"சிரிச்சா சிரிக்கட்டும் தங்கச்சி" என்றார் அவர். "ஆனா பாட்டு முழுசும் சிரிச்சாகளே... ஒரு வரிக்காவது நிப்பாட்டுவாகன்னு பார்த்தேன்."

இன்னும் இரண்டு கச்சேரிக்குப் போனார். அங்கேயும் அதுதான். பிறகு வரவில்லை. மாஸ்டர் மறுபடி திரை கட்டுகிறேன் என்றாராம். "வேண்டாம் மாஸ்டர். இனி உள்ள யாருன்னு அவுகளுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டாராம்.

காலம் என்ன செய்தது பாருங்கள். எழுபதுகள் பாதி தாண்டியதும் சினிமாப் பாட்டு மாறியது. வார்த்தைகள் வயல்வெளிக்குப் போயின, பேச்சுத் தமிழ் வந்தது. கதாநாயகியே அடிக்குரலில் பாடத் தொடங்கினாள். க்ளப்புக்குத் தள்ளிவைத்த குரலைக் குடும்பத்துக்குள் கூப்பிட்டுக்கொண்டார்கள்! மாஸ்டர் ஒருநாள் எக்ஸ்சேஞ்சுக்கு வந்தார். "தங்கச்சி, இப்ப உன் குரலுக்குப் பாட்டு வந்திருச்சு" என்றார். நான் சில வருஷங்கள் அவர் குழுவில் பாடினேன். அப்பா கூடவே வந்து முதல் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவார். கைதட்டல் கிடைத்தது. நன்றாகவே கிடைத்தது. ஒவ்வொரு கைதட்டலிலும் எனக்குக் கொஞ்சம் பயமும் இருந்தது. நேற்று முகம் சுளித்த ஜனங்கள்தானே இவர்கள்? என் தொண்டை மாறவில்லையே!

எனக்கும் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை பள்ளிக்கூட ஆசிரியர். பெண் பார்க்க வந்தவர்கள் நல்லவேளையாக என்னைப் பாடச் சொல்லவில்லை. தாலி செய்யக் கொடுக்க அம்மா வேறொரு ஆசாரியைச் சொன்னார். நான் பிடிவாதமாகச் சுப்பையா அண்ணன் வீட்டுக்கு அழைத்துப் போனேன்.

முன்னறையில்தான் பட்டறை. கரி நெருப்பு, கையில் ஊதுகுழல். எங்களைப் பார்த்ததும், "வாங்க, வாங்க. உக்காருங்க" என்று பாய் விரித்தார். பாட்டைப் பற்றி அவர் பேசவில்லை. கேட்கலாமா, வேண்டாமா என்று எனக்கும் தயக்கம். அம்மா தாலியின் அமைப்பைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

உள்ளே தூளியில் ஒரு குழந்தை வீறிட்டது. அவர் மனைவி தூளியை ஆட்டிக்கொண்டே பாடினார். நல்ல, இதமான குரல்தான். குழந்தை இன்னும் உரக்க அழுதது.

"நான் பாடினா இவளுக்கு ஆகாது. இங்க வாங்களேன்" என்று அவர் மனைவி கூப்பிட்டார்.

சுப்பையா அண்ணன் எழுந்திருக்கவில்லை. ஊதுகுழலைக் கீழே வைத்தார். உட்கார்ந்த இடத்திலிருந்தே பாடினார் — கூட்டம் சிரித்ததே, அந்தப் பாட்டை. அதே குரலில். ஒரு இழைகூடக் குறையவில்லை. அவர் பாடி எங்கள் அம்மா நேரில் கேட்டதில்லை. கன்னத்தில் வைத்த கையை எடுக்காமல் அப்படியே இருந்துவிட்டார்.

முதல் வரியில் அழுகை குறைந்தது. இரண்டாவது வரியில் நின்றது. நான் எட்டிப் பார்த்தேன். குழந்தை தூளிக்குள் கண்ணை அகலத் திறந்து, அப்பா இருக்கும் திசையையே பார்த்துக்கொண்டு கிடந்தது. மெல்லத் தூங்கிப்போனது.

அதற்கு எட்டு மாதம். எது ஆம்பளைக் குரல், எது பொம்பளைக் குரல் என்று அதற்கு அதுவரை யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.